வெயில் போட்ட பூ

மெத்தை வைத்துத் தைத்த இருக்கைகளை நேர் வெயில் படும் சன்னலருகே போடக்கூடாது. வேறு இடமில்லாமல் போட நேர்ந்தால், வெயில் நேரத்தில் திரையை இழுத்துவிட வேண்டும். இருக்கையை நெருக்கமாக நெய்த துணியால் மூட வேண்டும். இவற்றைச் செய்யாமல் நிறம் வெளுத்தால் கடை பொறுப்பல்ல. எங்கள் சோபாவோடு வந்த உத்தரவாத அட்டையில் ஆங்கிலத்தில் இப்படித்தான் இருந்தது. வீட்டில் அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. பிற்பாடு அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி, போதுமென்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு ஆரம்பம் அந்த அட்டை.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அத்தையைப் பெண் பார்க்க ஆனைமலைப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று உறுதியானதும் அப்பா அந்த சோபாவை வாங்கினார். அரக்குச் சிவப்பு வெல்வெட். அதன் நீளத்துக்கு ஹாலில் மேற்குச் சன்னலடி ஒன்றுதான் இடம் கொடுத்தது. தை மாதம் அவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார்கள், அத்தையையும் பார்த்தார்கள். “ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

எந்த மனு வந்தாலும் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுத வேண்டும், முடிவு தாமதமானால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும் என்பதை நான் அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படி எந்த விதியும் கிடையாது.

முதலில் அம்மா ஒரு பழைய போர்வையை எடுத்து சோபாவின்மேல் விரித்தாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “பாக்கறதுக்கு ஊட்டுல சீக்காளி படுத்திருக்கறாப்பல இருக்குது. திடீர்னு அவங்க வந்து நின்னா என்ன நெனப்பாங்க?” வெயிலும் படக்கூடாது, வெல்வெட்டும் தெரிய வேண்டும். இந்தச் சிக்கலை அத்தைதான் தீர்த்தாள். வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் பூப்பூவாகப் பின்னி, முதுகும் இருக்கையும் மூடுகிற அளவுக்கு ஓர் உறை போட்டு முடித்தாள். ஒவ்வொரு பூவுக்கு நடுவிலும் என் சுண்டுவிரல் போகும். அது நெருக்கமான நெசவு இல்லை என்று அட்டையைக் காட்டினேன். “பெரிய ஆபீசரு வந்துட்டாரு” என்று என் தலையில் ஊசியால் தட்டினாள்.

அத்தை டைப்ரைட்டிங் உயர்நிலை தேறியிருந்தாள். பீளமேட்டில் ஓர் ஆபீசில் வரச்சொன்னார்கள். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. “சேதி வரட்டும் அம்மணி. வேலைக்குப் போற புள்ளைன்னு அவங்க யோசிச்சுப்போட்டா?” என்றார். சேதி வரும்வரை அத்தை எங்கும் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் பள்ளிவிட்டு வரும்போது அவள் தரையில், சோபாவின் கைப்பிடியில் தலை சாய்த்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரை ஓரமாக ஒதுங்கியிருக்கும். வெயில் சோபா முழுக்க நீட்டிப் படுத்திருக்கும்.

“அத்தை, ஸ்கிரீன இழுத்து உடோணும்னு போட்டிருக்குது.”

“இழுத்து உட்டா ஆரு வாராங்கன்னு எப்படிக் கண்ணு தெரியும்?”

“ஆருமே வரலீங்களே.”

அவள் மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ஹாலில் இருவர் இருந்தாலும் ஒருவர் இருப்பது போலத்தான் இருக்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி போயின. உறையைக் கழற்றித் துவைக்கலாமே என்று அம்மா சொன்னபோதெல்லாம், கழற்றிய நேரத்தில் யாராவது வந்துவிட்டால் என்று அத்தை தள்ளிப்போட்டாள். அம்மா வற்புறுத்தவில்லை. ஆடி வந்தது. ஆடியில் யாரும் நல்ல சேதி சொல்ல மாட்டார்கள் என்று அப்பா சமாதானம் சொன்னார்.

ஆடி முடிந்த பின் ஒரு மாலை வாசலில் ஆட்டோ நின்றது. “கண்ணு, வந்துட்டாங்க!” என்று அத்தை குதித்து எழுந்தாள். அத்தனை மாதத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. ஊக்குகளைப் பிடுங்கி, உறையை ஒரே இழுப்பில் உருவினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வெல்வெட் பழைய செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. நூல் மறைத்த இடங்களில் மட்டும் அரக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. முதுகிலும் இருக்கையிலும் பூப்பூவாக, இதழ் இதழாக, அச்சடித்தது போல.

திரும்ப மூட நேரமில்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்து அந்தப் பூக்களின்மேல் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்தார். பையனுக்கு உடுமலையில் பெண் அமைந்துவிட்டதாம். தூரத்துச் சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நேரில் வந்தார்களாம். “அண்ணனும் அண்ணியும் வந்ததும் சொல்லிப்போடு அம்மணி. எல்லாரும் வந்தரோணும்.”

அத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அந்த அம்மா குடித்தபடி இருக்கையைத் தடவினார்.

“ஏனம்மணி, போன தடவ இது வேற துணியில்ல? இந்தப் பூ ரொம்ப நல்லா இருக்குது. கடையில எடுத்ததா?”

“இல்லீங்க. ஊட்டுலயே போட்டதுங்க.”

“கைவேலையா! எத்தன நாளாகும் கண்ணு இதப் போட?”

“ஒரு கோடை முழுக்க ஆச்சுங்க” என்றாள் அத்தை.

தவறான தகவலை என்னால் அப்போதும் பொறுக்க முடியாது. “இல்லீங்க, பதினஞ்சு நாள்ல பின்னி முடிச்சுட்டாங்க” என்று திருத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

அவர்கள் போனதும் அத்தை திரையை முழுவதுமாக இழுத்துவிட்டாள். ஹால் இருண்டது. கடைசியில் நான் சொன்னதைக் கேட்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அட்டையின் பின்புறம், திரை விதி முதன்முதலாக என்றைக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்று பென்சிலால் குறித்துவைத்தேன்.

ஆவணி மூன்று.