ஆலை இன்ஜினின் கரி

சர்க்கரை ஆலை வாசலில் பழைய நீராவி இன்ஜினைப் புதுப்பித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று மகள் போன வாரம் அழைத்துப்போனாள். பளபளவென்று பச்சை வண்ணம். சுற்றிலும் சங்கிலி. நெருப்புக் கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். பெயிண்ட் வாசனை அடித்தது. எனக்கு வேண்டியிருந்ததோ கரும்புச் சக்கை எரியும் வாசனை.

அந்த ஆலையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். கரும்பு இழுக்க டிராக்டர்கள் வந்ததும் இன்ஜினை ஷெட்டில் தள்ளிவிட்டார்கள். ஃபிட்டர் துரைசாமி அண்ணன் மட்டும், அரவை இல்லாத மாதங்களில் அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருப்பார். "அதுக்கு உசுரு கீதும்மா" என்பார். ஆபீசே சிரிக்கும். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருக்கிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளிமலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் கணவர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். எட்டு மாதக் குழந்தையாக இருந்த மகள் வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரி ஆறு மைல் தள்ளி, ரயில் நிலையத்தை ஒட்டி. அதுவரைக்கும் போகிற ஆலைத் தண்டவாளத்தில்தான் மரம் இல்லை.

துரைசாமி அண்ணன் அன்று காலை இன்ஜினைச் சோதித்துப் பார்க்க நெருப்பு மூட்டியிருந்தார். "ஏறும்மா. ஆனா ஆவி காட்டுற முள்ளு இன்னும் மேல வர்ல, செத்த இரு" என்றார்.

"போலாம்ணா, போலாம்ணா" என்று நான் விடவில்லை. பாதி வழியில், கரும்புக்கொல்லை நடுவே, ஆவி போதாமல் இன்ஜின் நின்றுவிட்டது.

"நீ அவசரப்பட்டா தண்ணி கொதிச்சிடுமா?" என்று சக்கையை அள்ளிப் போட்டார். பிறகு சக்கை அள்ளும் ஷவலின் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து நெருப்புக்குள் நீட்டினார். கொதித்த தண்ணீரை ஆறவைத்து, துண்டு முடிச்சிலிருந்து சர்க்கரையும், கூழுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகையும் போட்டார்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாண்ணா?"

"ஆறு புள்ளைங்கள வளத்துக்கினு வந்தவன்மா. குடு இப்டி."

சொட்டுச் சொட்டாக ஊட்டினார். நாலாவது சொட்டுக்கு அவள் நாக்கை நீட்டினாள். முள் ஏறியது, இன்ஜின் கிளம்பியது. ஆஸ்பத்திரியில், வழியில் கொடுத்த தண்ணீர்தான் தாங்கியது என்றார் டாக்டர். குழந்தையின் கன்னத்தில் அண்ணனின் விரல் கரி. நர்ஸ் துடைக்க வந்தபோது வேண்டாம் என்றேன், ஏனென்று தெரியவில்லை.

இன்றும் மகள் பஸ் ஏறினால், இறங்கும்வரை போன் செய்துகொண்டே இருப்பேன். கிண்டல் செய்வாள்.

துரைசாமி அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. தண்டவாளத்தைப் பிடுங்கி, அந்த இடத்தை மனைகளாக்கிக் கல் நட்டுவிட்டார்கள். போன வாரம் ஆலை வாசலில், சங்கிலிக்கு மேலாகக் கையை நீட்டி பாய்லரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"தொடாதம்மா, கரி ஒட்டிக்கும்" என்றாள் மகள்.

கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.