வலப்பக்கத்துப் பெட்டி

ஈயப் பற்று வைக்கும்போது எழும் புகையின் வாசனை எங்கே வந்தாலும், நான் மூன்று வருடம் பின்னால் போய் ஆம்பூர் பஜாரில் ஒரு சின்னக் கடைக்குள் நிற்பேன். பழைய ரிசீவர், ஸ்பீக்கர்களைப் பழுது பார்த்து விற்கிற கடை. அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் தோல் தொழிற்சாலைக்கு விடுமுறை. மனைவியும் கூட வந்திருந்தாள்.

வீட்டில் அப்போது பெரிய சண்டை. டிவியில் யார் பேசினாலும் வாய் நிறைய வெற்றிலையோடு பேசுவது போலிருந்தது எனக்கு. நான் சத்தத்தைக் கூட்டுவேன், அவள் குறைப்பாள். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று, ஒரு மாதமாகக் கூப்பிடுவதையே அவள் விட்டுவிட்டாள். குற்றம் முழுக்க டிவியின் ஓட்டை ஸ்பீக்கர்மேல்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு ரிசீவரும் இரண்டு நல்ல பெட்டிகளும் வாங்கிவிட்டால் வீடு சரியாகிவிடும்.

நான் தோலைத் தடவித் தரம் பிரிக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்வேன், இது முதல் ரகம், இது கழிவு. ஸ்பீக்கரையும் அப்படித்தான் பார்த்தேன். பாட்டு ஓடும்போது உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தேன். எது நன்றாக அதிர்ந்ததோ அதுதான் உசத்தி.

"இன்னாங்க, மாடா வாங்க வந்தீங்க? தட்டித் தட்டிப் பாக்கறீங்க" என்றாள் மனைவி.

கடைக்கார பாய் சிரித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். மூன்று ஜோடி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். மூன்றுக்கும் நான் ஒரே குறைதான் சொன்னேன்.

"பாய், ஓட்டையத் தலையில கட்டப் பாக்காதீங்க. ரைட்டு சைடு சவுண்டு கம்மியா கீது."

அவர் கோபப்படவில்லை. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினார். வலப்பக்கம் மந்தம். வயரை மாற்றினார். அப்போதும் வலப்பக்கம் மந்தம். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படியே பின்னால செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்றார்.

திரும்பினேன். இப்போது மற்ற பெட்டி மந்தமாகிவிட்டது.

பெட்டி மாறியும் வயர் மாறியும் மாறாத ஒன்று, நான் திரும்பியதும் கூடவே திரும்பியிருந்தது. பதினெட்டு வருடம் தரம் பிரிக்கும் மேசையில், ஓயாமல் இரையும் தோல் சீவும் இயந்திரத்துக்கு வலது காதைக் காட்டியபடி நின்றவன் நான். மனைவி அருகில் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் பாட்டை நிறுத்தினார். "இன்னிக்கு உங்களுக்கு எதுவும் விக்க மாட்டேண்ணே. மொதல்ல வேலூர் போயி காதக் காட்டுங்க. பொட்டி எங்க ஓடப்போவுது?"

பேஜாராகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். காதில் ஒரு சின்னக் கருவி ஏறியது. ஊர் திரும்பும் வழியில் பேருந்துக் கம்பியின் கிடுகிடுப்பு, யாரோ தேய்த்து நடக்கும் செருப்பு, பக்கத்தில் அவள் வளையல், எல்லாம் சொல்லாமல் வந்து இறங்கிய உறவுக்காரர்கள் மாதிரி ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தன. இன்று அந்த இயந்திரத்தருகே நிற்பவர்களைக் காதடைப்பு போடச் சொல்லி நச்சரிக்கிறவன் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன். இருப்பதிலேயே சின்ன ஜோடிதான் பேச்சைத் தெளிவாகக் கொடுத்தது. ஒரு பழைய ரிசீவரோடு சேர்த்தும் பட்ஜெட்டுக்குள் அடங்கியது.

முதல் நாளே பெரிய பெட்டியை விற்றுக் காசு பார்த்திருக்கலாம் அந்த மனிதர். விற்காமல் அனுப்பியதால்தான் இன்றைக்கு என் வீட்டில் ஒரு குரல் கூப்பிட்டால் இன்னொரு குரல் பதில் சொல்கிறது. பெட்டிகளை வண்டியில் கட்டிக் கொடுத்துவிட்டு, நாங்கள் கிளம்பும்போது அவர் சொன்னார்:

"வால்யூமு கம்மியாவே வைங்கண்ணே. அக்கா பேசறதுக்கும் எடம் வேணும்ல."