பூஜ்ய ரூபாய் டிக்கெட்

மைசூர் சிட்டி பஸ்ஸில் பெண்களுக்குத் தரும் டிக்கெட்டில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். தமிழ்நாட்டில் ஊரிலிருக்கும் உங்களுக்கு இதில் அதிசயம் இல்லை. அங்கே டவுன் பஸ்ஸில் பெண் என்றாலே போதும். இங்கே கர்நாடக முகவரியுள்ள அட்டையைக் காட்ட வேண்டும். நான் இங்கே வந்து பதினொரு வருடமாகிறது, என் ஆதார் இன்னும் சத்தியமங்கலத்திலேயே இருக்கிறது. அதனால் காசு கொடுத்துத்தான் போவேன். அன்று தேவராஜ மார்க்கெட்டில் ஏறியபோது, என் கன்னடத்தைக் கேட்ட கண்டக்டர் அட்டையைக் கேட்காமலே பூஜ்ய டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். மாதாமாதம் என் சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்களே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

முகவரியை மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டு ஓனர் ரங்கநாதன் சார் தரமாட்டார். மூன்று தலைமுறையாக மைசூர்த் தமிழர், நாலு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர். எழுத்தில் வந்தால் வருமானம் வெளியே தெரிந்துவிடும். போன மாதம் வாசலில் வைத்து வாக்குவாதம் வந்தது.

“ஜாஸ்தி சம்பாதிச்சா ஜாஸ்தி பர்சென்ட் கட்டணுமாம், இது யாவ நியாயம்மா? கவர்ன்மென்ட் ரோடு போடட்டும், போலீஸ் வெக்கட்டும், அஷ்டே, அவ்ளோதான்!”

“இருக்கறவங்க கூடக் கட்டுனாத்தானுங்க சார் இல்லாதவங்க ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? எங்கம்மாவுக்கு ஆப்பரேசன் அப்படித்தானுங்க நடந்துது. எனக்கும் ஒரு அக்ரிமென்ட் போட்டுக் குடுத்தீங்கன்னா...”

“ஓ, என்னை மாட்டிவிடப் பாக்கறியா? அப்ப வேற வீடு பாத்துக்கோ.”

நான் கேட்டது முகவரி. அவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டார். அன்று பிடித்தது பயம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த வாடகையில் வேறு யார் வீடு தருவார்கள்? படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை ஓடாது.

பூஜ்ய டிக்கெட் வாங்கிய அன்று, அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். அப்போதுதான் பார்த்தேன், எதிர் வரிசையில் ரங்கநாதன் சார்.

“ஐடி தோர்ஸம்மா.”

அட்டையை நீட்டினேன். தமிழ்நாட்டு முகவரியைப் பார்த்ததும், இங்கே எங்கே இருக்கிறாய் என்று கன்னடத்தில் அதட்டினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இதோ இவர் வீட்டில்தான் என்று கை காட்டியிருக்கலாம். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் வெளிறியிருந்தது. காட்டினால் வீடு போய்விடும்.

“ஊரிலிருந்து வந்திருக்கிறேன்” என்றேன் கன்னடத்தில்.

“ஹௌது, நம்ம மனேகே கெஸ்ட்டு” என்றார் சார் அவசரமாக. ஆமாம், எங்கள் வீட்டு விருந்தாளி.

அபராதம் கட்டினேன். இறங்கி, ஒரே தெருவில் நடந்தோம். சார் கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

“வாங்கம்மா, வாங்க.”

முதல் தடவை வருபவளைப் போல நானும் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். வீட்டுச் சாவி என் கையில்தான் இருந்தது.