வேர்க்காத தோலும் ரெஜினா மச்சாளும்

ஞாயிறு பூசை முடிந்து வந்து முக்காட்டை எடுக்குமுன் ஜெர்மனியிலிருந்து அழைப்பு. என் கணவரின் அக்கா ரெஜினா போய்விட்டார். மன்னார் உப்புக்குளத்தில் அவரோடு கதைத்துச் சிரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் மச்சாளுக்கு வேலை. மனிதத் தோலைச் சிறு தட்டில் வளர்த்து, அதன்மேல் இரசாயனத்தைத் துளித்துளியாக விட்டு, மனிதருக்கு அது என்ன செய்யும் என்று முன்கூட்டியே அறிவார்கள். முதன்முதல் கேட்டபோது சிலுவை போட்டுக்கொண்டேன்.

“தோல் படைக்கிறது ஆண்டவரின்ரை வேலையெல்லோ மச்சாள்?”

“ஓமடி, விதைச்சது அவர்தான். நான் தண்ணி ஊத்துறன். சம்பளம் மட்டும் எனக்கு.”

யுத்தம் சற்று ஓய்ந்து பாதை திறந்த நாட்களில் அவர் மன்னாருக்கு வந்தார். என் மகள் மேரிக்கு அப்போது கையெல்லாம் சிரங்கு. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, அவள் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மையோ நெருங்கிவிட்டது. கந்தகம், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் கரண்டிக் கணக்குப் பிசகாமல் சேர்த்துக் காய்ச்சி வைத்திருந்தேன். மச்சாள் தன் தட்டுத் தோலில் சோதிக்க ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, “நான் சொல்லுமட்டும் பிள்ளைக்குப் பூசாதை” என்றார்.

“உங்கடை தட்டுக்கு என்ரை பிள்ளையின்ரை கடி சொறி தெரியுமோ?” என்று சண்டை பிடித்தேன்.

அவர் திரும்பிப் போனபின் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வந்தது.

“தட்டுத் தோலுக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப பூசட்டே?”

“பொறடி. அந்தத் தோல் வேர்க்காது. மன்னார் வெயில் அதுக்குத் தெரியாது. அதாலை என்ரை கையிலை பூசி, மூண்டு ஸ்வெட்டரும் போட்டு, ஹீட்டருக்குப் பக்கத்திலை குந்தியிருந்தனான். வெளியிலை பனி கொட்டுது, உள்ளுக்கை நான் கருவாடாக் காயிறன். கை வெந்துபோச்சு. எல்லாத்தையும் வெளியிலை ஊத்து.”

“அப்ப உங்கடை தட்டு பொய் சொல்லுதோ?”

“இல்லையடி. கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லும். வேர்வையைப் பற்றி நாங்கள் கேக்கேல்லை.”

ஊற்றிவிட்டேன். மேரி சொறியாதிருக்க விரல்களைத் துணியால் சுற்றி, செபமாலையோடு காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது. புதுநன்மைக்கு அவள் வெள்ளை உடுப்போடு, ஆறிய கைகளைக் கூப்பிக்கொண்டு போனாள்.

மச்சாள் மறுமுறை வந்தபோது, அவரின் முழங்கையருகே இருந்த தழும்பைத் தடவி, “இதென்ன மாமி?” என்று மேரி கேட்டாள்.

“உன்னட்டை வர இருந்தது. வழியிலை என்னட்டை இறங்கிட்டுது.”

அந்தத் தழும்பு தூரதேசத்து மண்ணுக்குள் போய்விட்டது. தழும்பில்லாத இரண்டு கைகள் என் வீட்டில் இருக்கின்றன. நேற்று அவருக்கு மெழுகுதிரி ஏற்றியதும் அவைதான்.