தேதி தப்பாத ஒரு வருஷம்

எங்கள் ஓட்டலின் சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவோம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் எதிர்முனையைப் பிடிப்பவளுக்கு டீச்சர் என்று பட்டப்பெயர். மூலை கொஞ்சம் பிசகினாலும் பிரித்து மடிக்கச் சொல்வாள். வாய்தான் அப்படி, மனசு வெள்ளை. அதுவே அவளுக்கு வினையாய்ப் போனது.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது.

"அதை ஏத்தினா கருமுட்டை ஒழுங்கா வர வாய்ப்பு இருக்கு. நிச்சயம்னு சொல்லமாட்டேன்" என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். எப்படிச் சாப்பிடுவது என்று கடையில் சொல்வார்கள் என்றார். டீச்சரின் புருஷன் வேலை பார்ப்பதே மருந்துக்கடையில், அப்புறம் என்ன கவலை?

சீட்டை அவனே வாங்கிக்கொண்டான். மாத்திரைகளைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தண்ணீரும் கையுமாக நிற்பான். மாசத்தில் ஒரு வாரம் மட்டும் விடணும் என்றான். எங்களுக்கெல்லாம் பொறாமை. என் வீட்டுக்காரர் தனக்குத் தாகம் எடுத்தாலே என்னைத்தான் கூப்பிடுவார்.

மாதவிலக்கு தேதி தப்பாமல் வர ஆரம்பித்தது. உடம்பு வழிக்கு வந்துவிட்டதென்று டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார்கூட ஏசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்த்தார். துணைக்கு நான்தான் போனேன்.

"வைட்டமின் டி கொஞ்சம்கூட ஏறலையே. மாத்திரை போட்டீங்களா?"

"தினமும் போட்டேன் டாக்டர். மாசத்துல ஒரு வாரம்தான் விட்டேன்."

"தினமுமா? நான் எழுதினது வாரத்துக்கு ஒண்ணு."

டீச்சர் பையிலிருந்த டப்பாவைக் கொடுத்தாள். டாக்டரம்மா ஒரு மாத்திரையை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

"இது டி இல்லம்மா. கருத்தடை மாத்திரை. இதைப் போட்டா தேதி சரியா வரும், குழந்தை வராது."

நானாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அவள் வீட்டுக்குப் போய் ஏன் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவனுக்குக் குழந்தையே வேண்டாமாம். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லையாம். "உனக்குத்தான் நீர்க்கட்டி இருக்கே, என்னை யாரும் கேக்கமாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றானாம். கட்டினவளின் நோய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன்.

மறுநாள் துணிப்பையோடு வேலைக்கு வந்தாள். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"குழந்தை வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"கோபப்பட்டிருப்பேன். அப்புறம் யோசிச்சிருப்பேன்க்கா. ஆனா மாசா மாசம் தேதி வந்ததும் நான் உக்காந்து அழுவேன். பக்கத்துல வந்து, அடுத்த மாசம் தங்கிடும்னு கண்ணைத் துடைச்சுவிட்டானே. அதை எப்படிக்கா மன்னிக்கிறது?"