பூட்டிய ஃபண்டும் கட்டாத பல்லும்

என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் நாட்றம்பள்ளியில் ஒரு மனை வந்தது. அதை விற்ற வாரமே எங்கள் வீட்டில் கட்சி பிரிந்துவிட்டது. மொத்தத்தையும் அஞ்சலகத்தில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட வேண்டும் என்றாள் அவள். வருடா வருடம் வட்டி கைக்கு வரும், அசல் வைத்த இடத்தில் இருக்கும். நான் ஆம்பூரில் தோல் கட் பீஸ் கடை வைத்திருப்பவன். சின்னச் சின்ன செருப்புப் பட்டறைகளுக்கு எடை போட்டு விற்கிறேன். எனக்கு வட்டி என்றாலே கொட்டாவி வரும். பணத்தை ஷேரில் போட்டு ஐந்து வருடம் பூட்டி வைக்கிற ஒரு க்ளோஸ்டு எண்ட் ஃபண்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"பூட்டு இன்னாத்துக்கு? நம்ம துட்டை நாம எடுக்கக் கூடாதா?" என்றாள்.

"நடுவுல ஷேர் மார்க்கெட்ல வித்துக்கலாம். ஆனா உள்ள இருக்கற மதிப்பைவிட கம்மியாதான் கேப்பான்."

"அப்ப அதை இன்னான்னு நல்ல சரக்குன்றீங்க?"

கடைசியில் பாதிப் பாதி என்று முடிவானது. ஃபண்டுக்குப் போன பாதியும் அவள் பணம்தான். ஆனால் அன்றிலிருந்து நான் அதை 'என் பாதி' என்றே சொல்லி வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வலது பக்கக் கடைவாயில் இரண்டு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். அந்த இடத்தில் பல் கட்டிவிடச் சொன்னார் வேலூர் பல் டாக்டர். அசலில் கை வைக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மொத வட்டி வரட்டும், கட்டிக்கறேன் என்றாள்.

இங்கே எங்கள் கடைத்தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் யாரைப் பார்த்து "வியாபாரம் எப்படி?" என்று கேட்டாலும் பதில் "டல்லு" என்பதுதான். காலையில்தான் கன்டெய்னர் ஏற்றி அனுப்பியவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டல்லு என்பார். நல்லா போவுது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தோல் கொடுக்கிறவன் விலையை ஏற்றுவான், வாங்குகிறவன் கடன் கேட்பான், சொந்தக்காரன் வீட்டுக்கே வந்துவிடுவான். முப்பது வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லி என் வாய் அப்படியே படிந்துவிட்டது.

முதல் வருடம் ஃபண்டு உண்மையிலேயே இறங்கியது. அவள் கேட்டாள், டல்லு என்றேன். இரண்டாம் வருடம் அது நன்றாக ஏறி நின்றபோது, அவள் தம்பியை வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் ஷேர் ஆட்டோ வாங்கக் கடன் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ரொம்ப டல்லு."

"விடுங்க மாமா, மனசைப் பேஜார் பண்ணிக்காதீங்க," என்று மச்சான் என் தோளைத் தட்டினான்.

அவன் போனதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அன்றைக்கு என் தட்டில் ஒரு கறித்துண்டு கூடுதலாக விழுந்தது. பிறகு மச்சான் என்னை டீக்கு காசு கொடுக்க விடவில்லை. பண்டிகைக்குப் புடவை வேண்டாம் என்றுவிட்டாள் மனைவி. நஷ்டப்பட்டவனுக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அனுபவித்தேன்.

அவள் மட்டும் பல் கட்டிக்கொள்ளவில்லை. வட்டி வந்த ஒவ்வொரு வருடமும் "அப்புறம் பாக்கலாம்" என்றாள். பிரியாணியை இடது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்று, நான் கை கழுவி வந்து அரை மணி கழித்து எழுந்திருப்பாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டி, விருந்தாளிகள் முன்னால் கேலியும் செய்தேன்.

ஐந்து வருடம் முடிந்து பணம் பேங்க்கில் ஏறியது. வட்டியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. ஜெயித்துவிட்ட திமிரோடு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன் அவள் ஒரு பாஸ் புக்கை என் கையில் வைத்தாள்.

"இன்னிக்கிதான உங்க ஃபண்டு முடியுது? எவ்ளோ போச்சுன்னு எங்கிட்ட சொல்ல வாணாம். நாலு வருஷ வட்டி இதுல அப்டியே கீது, அஞ்சாவது இனிமேதான் வரும். அதோட சேத்துக்குங்க. தம்பி கேட்டா, போட்டது வந்துட்ச்சுன்னு சொல்லிடுங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. பேடா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்தேவா?"

"ஆமா."

அவ்வளவுதான். பேடாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வேலூர் போனோம். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கீழே இடம் காலியாகவே கிடந்ததால் மேல் பல் இறங்கிவிட்டதாம், பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டதாம். ரெண்டு பல்லோடு முடிய வேண்டிய வேலை இப்போது நாலு பல் வேலையாம்.

"ஏம்மா இவ்ளோ வருஷம் விட்டீங்க? யாரு சொல்லி விட்டீங்க?" என்று கேட்டார்.

அவள் வாயில் கண்ணாடியும் கொக்கியும் இருந்தன. பேச முடியவில்லை. நாற்காலியில் படுத்தபடியே கையைத் தூக்கி, மூலையில் நின்ற என்னைக் காட்டினாள்.