பதினொன்று பன்னிரண்டு பஸ்

என் வான் வண்டியின் முன்பெட்டிக்குள் ஒரு மலைப் பேருந்தின் நேர அட்டவணை இன்னும் கிடக்கிறது. மடித்து மடித்துக் கிழியப் பார்க்கிற தாள். அதில் 11.12 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். போட்டவர் அப்போது இந்திப் படவுலகின் உச்சியில் இருந்த இயக்குநர்.

ஊரில் போர் முடிந்து இரண்டாவது குளிர்காலம் அது. சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் குடியிருந்துகொண்டு, படப்பிடிப்புக்கு வருகிறவர்களுக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய முந்தைய படம் அப்போதும் அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மனிதரால்தான் இருக்கையில் இருக்க முடியவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார். “முதல் படத்தில் எனக்குப் பயமே இருக்கவில்லை. இப்போது சாப்பாடு இறங்குவதில்லை” என்று ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னார். காசும் பேரும் உள்ளவர்களின் சலிப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எனக்கு என் பாடு. கடைசிப் படப்பிடிப்பு நாளன்று நாலு மணிக்கு, கிராமசபையில் குடியுரிமைக்கான நேர்முகம். இங்கே அதை முதலில் தீர்மானிப்பது கிராமசபைதான். என்னிடமிருந்தது அகதிப் பத்திரம், அதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கால் வைக்க முடியாது. சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்தால்தான் படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் “எப்ப வாறாய்?” என்று மட்டும் கேட்பார். ஒன்றரைக்குக் கிளம்பினால் போதும், படப்பிடிப்பு மதியத்துக்குள் முடியும் என்று படக்குழுவில் சொன்னார்கள்.

குளிர்காலத்தில், படப்பிடிப்பு நடந்த மலை வளைவால் காலையில் ஒரு மஞ்சள் பேருந்து, இருட்டிய பிறகு ஒன்று, அவ்வளவுதான். காலைப் பேருந்து வருமுன் வாக்கிடாக்கியில் எச்சரிப்பது என் வேலை. அதற்குத்தான் அந்த வட்டம். அந்தக் கடைசி நாள் நான் வானுக்குள் இருந்து, நேர்முகத்தில் கேட்பார்கள் என்று, இந்த நாட்டு மந்திரிமார் ஏழு பேரின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆறாவது பெயரில் தடக்குப்பட்டு நிமிர்ந்தால், முதல் டேக் ஓடிக்கொண்டிருக்கிறது, நடிகைக்குப் பின்னால் மஞ்சள் பேருந்து வளைந்து போகிறது. இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசவில்லை. “ஒன் மோர்” என்றார்.

அந்த ஒன் மோர் பதினாறு தடவை போனது. முகில் மறைத்தது, முடி பறந்தது, அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை. மெல்லிய சேலையில் நின்ற நடிகை ஒவ்வொரு இடைவெளியிலும் ஓடிவந்து என் வானின் சூட்டில்தான் குந்தினாள். வானோடு நான் போனால் அவள் விறைத்துப்போவாள். மனைவி தொலைபேசி எடுத்து, “சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோவன். அவையும் மனுசர்தானே?” என்றாள். படத்துக்குள் பேருந்தை விட்டவன் எந்த வாயால் கேட்பது? மூன்று மணிக்குக் கிராமசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். வரமுடியாவிட்டால் அடுத்த அமர்வு ஆறு மாதம் கழித்து என்று அங்கே பேசிய பெண் மரியாதையாகச் சொன்னாள்.

திரும்பும் வழியில் இயக்குநரிடம் சொன்னேன். அவருடைய முழங்கால் ஆட்டம் நின்றது. “முதலிலேயே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். அடுத்த வளைவு வந்தது, வானைத் திருப்பினேன்.

எனக்குக் கடவுச்சீட்டு வந்தபோது அப்பா செத்து மூன்று மாதம்.

அந்தப் படம் முந்தையதையும் தாண்டி ஓடியது. அவருடைய உச்சம் அதுதான் என்கிறார்கள். நான் பார்க்கப் போகவில்லை. பிறகொருநாள் தொலைக்காட்சியில் அன்று எடுத்த பாட்டு வந்தது. நடிகைக்குப் பின்னால் மஞ்சள் பேருந்து வளைந்து போனது. பதினாறில் ஒன்றும் இல்லை, அவர் வைத்துக்கொண்டது முதலாவதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை நிறுத்திவிட்டேன். “வடிவாத்தானே இருக்கு” என்றாள் மனைவி. வடிவாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது இந்தியச் சுற்றுலாக்காரர் அந்த வளைவுக்கே கூட்டிப்போகச் சொல்கிறார்கள், பேருந்தும் படத்தில் விழ வேண்டுமாம். பேருந்தின் நேரம் இன்னும் மாறவில்லை. அட்டவணையை எடுத்துப் பார்த்து, சரியாக 11.12க்கு அவர்களை அங்கே நிறுத்துவேன். போன மாதம் ஒரு தமிழ்ப் பையன் தன் தகப்பனை அங்கே நிறுத்திப் படமெடுத்தான். பேருந்து போய்விட்டது. அப்பா படத்தில் கண்ணை மூடிவிட்டார், ஒன் மோர் எடுக்க மாலைவரை நிற்போமா என்று கேட்டான். அவன் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதையே வைச்சிருங்கோ, தம்பி” என்று சொல்லிவிட்டு, அட்டவணையை மடித்தேன்.